கை காலியானால் மட்டும் போதாது: டிஸ்கார்ட் டெக்கின் கணக்கு

மேஜிக்: தி கேதரிங் சீட்டாட்டத்தில் டிஸ்கார்ட் டெக்கோடு, அதாவது எதிராளியின் கையில் உள்ள சீட்டுகளைக் கழிக்க வைக்கும் சீட்டுக்கட்டோடு, மோதியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். ஆசையாகப் பிடித்து வைத்திருந்த சீட்டை இறக்கும் முன்பே எதிரில் இருப்பவர் பிடுங்கி கிரேவ்யார்டுக்கு (கழித்த சீட்டுகள் போய்ச் சேரும் குவியலுக்கு) அனுப்பிவிடுவார். இதைப் பார்த்து ஆசைப்பட்டு, பிடுங்கும் சீட்டுகளாகவே அள்ளிப் போட்டு டெக்கின் 60 சீட்டையும் நிரப்புகிறவர்கள், அப்புறம் ஏன் தோற்கிறோம் என்று முழிக்கிறார்கள்.

தாட்ஸீஸ் என்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு கறுப்பு மானா (சீட்டைப் போடக் கொடுக்கும் சக்தி, நிலச் சீட்டுகளிலிருந்து கிடைப்பது) செலவு. எதிராளி கையைக் காட்ட வேண்டும், அதில் நிலம் அல்லாத ஒன்றை நாம் பார்த்துக் கழிக்க வைக்கலாம், விலையாக நமக்கு 2 உயிர் போகும். முதல் சுற்றில் இது பொன், ஏனென்றால் ஏழு சீட்டில் இருப்பதிலேயே நல்லது போய்விடும், அவர் திட்டமும் தெரிந்துவிடும். ஆறாம் சுற்றில், அவர் கை காலியான பிறகு இதே சீட்டு நமக்கு வந்தால் வெறும் காகிதம். அவரோ சுற்றுக்கு ஒன்றாக எடுத்து அப்போதே இறக்கிக்கொண்டிருப்பார்.

அதனால் காலிக் கையே அவருக்கு வலிக்க வேண்டும். அதற்குத்தான் 1994இல் வந்த தி ரேக் என்ற சீட்டு. எதிராளியின் சுற்று தொடங்கும்போது அவர் கையில் 3க்கு எத்தனை குறைகிறதோ அத்தனை உயிர் போகும், அதுவும் அன்றைய சீட்டை எடுப்பதற்கு முன்பே! கை காலி என்றால் தொடக்கத்தில் இருக்கும் 20 உயிரும் ஏழு சுற்றில் தீரும். ரேக் இரண்டு இருந்தால் நான்கே சுற்று. கையில் ஒன்றோ அதற்கும் குறைவோ இருந்தால் 3 உயிர் பறிக்கும் ஷ்ரீக்கிங் அஃப்ளிக்‌ஷனும் இதே ரகம். இரண்டிலும் நான்கு நான்கு போடுவதால்தான் இந்த டெக்குக்கு எட்டு ரேக் என்று பெயர்.

அடிப்படை நிலங்களைத் தவிர ஒரே சீட்டை நான்குக்கு மேல் வைக்க முடியாது. 60இல் 4 இருந்தால் முதல் 7 சீட்டில் ஒன்றாவது வர சுமார் 40 சதவீதம்தான் வாய்ப்பு, 8 என்றால் 65, 12 என்றால் 81. தாட்ஸீஸோடு நிற்காமல் அதே வேலையைச் செய்யும் இன்க்விசிஷன் ஆஃப் கோஸிலெக்கையும் சேர்ப்பது இதனால்தான்.

சரி, விவரமான எதிராளி என்ன செய்வார்? மூன்று நிலங்களை இறக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வார். ரேக் வாயடைத்துப் போகும், தாட்ஸீஸும் இன்க்விசிஷனும் நிலத்தைத் தொடாது. இங்கேதான் ஒரு சீட்டைக் கழிக்க வைக்கும் ரேவன்ஸ் க்ரைம் கை கொடுக்கிறது. எதைக் கழிப்பது என்று அவரே முடிவு செய்வதால் நிலமும் போகும், அதோடு நம் கையில் உபரியாக இருக்கும் ஒரு நிலத்தைக் கழித்தால் கிரேவ்யார்டிலிருந்தே ரேவன்ஸ் க்ரைமை மறுபடி போடலாம். என்னைக் கேட்டால் டெக்கின் உயிர்நாடி இதுதான், ரேக்கூட இரண்டாம் பட்சம்.

ஆப்ஸ்டினேட் பேலாத் என்ற மிருகச் சீட்டிடம் மட்டும் ஜாக்கிரதை. நாம் கழிக்க வைத்தால் அது கிரேவ்யார்டுக்குப் போகாமல் 4/4 உடம்போடு (தாக்கும் பலம் 4, தாங்கும் பலம் 4) இலவசமாகக் களத்தில் இறங்கி, அவருக்கு 4 உயிரும் கொடுக்கும். தாட்ஸீஸ் போட்டு அவர் கையில் அதைப் பார்த்துவிட்டால், வேறு எதையாவது எடுத்துக்கொண்டு, அது வெளியே வரும்வரை ரேவன்ஸ் க்ரைமை அடக்கி வாசியுங்கள்.