27 வயதில் இறந்தவர்கள்

என் அண்ணன் மகளுக்கு 14 வயது. போன வாரம் போனை நீட்டி, "சித்தப்பா, பெரிய பாடகர்கள் எல்லாம் ஏன் 27 வயசுலயே செத்துப்போறாங்க?" என்று கேட்டாள். திரையில் ஓர் இணையப் பக்கம். 27 வயதில் இறந்த மேற்கத்தியப் பாடகர்கள்: ஜிமி ஹென்றிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள், ஓரத்தில் மெழுகுவத்தி.

"முதல்ல போனைப் பிடுங்குங்க தம்பி" என்றார் அண்ணி.

சாவை எட்டிப் பார்ப்பது வக்கிரம் இல்லை. விபத்து நடந்த இடத்தை பஸ் கடக்கும்போது, பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டே அம்மாவும் பார்ப்பார். ஆபத்து எப்படி வரும் என்று தூரத்தில் இருந்தே தெரிந்துகொள்ளும் ஆசை அது. பதின்வயதில் ஒரு சிக்கல் சேர்கிறது. உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் பருவமடையும்போதே முறுக்கேறிவிடுகின்றன. 'சரி, போதும்' என்று நிறுத்தும் நெற்றிப்பக்க மூளை முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதிலும் இறந்தவர் தனக்குப் பிடித்தவர் என்றால் மனம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

சாவைச் சொல்லும் விதத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா சாட்சி. 1980களில் அங்கே மெட்ரோ ரயில் தற்கொலைகள் கூடின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் பரபரப்பாக, நடந்த விதம் உட்பட விவரித்தன. 1987-ன் நடுவில் தற்கொலைத் தடுப்பு அமைப்பினர், இப்படி எழுதாதீர்கள் என்று நெறிமுறை கொடுத்தார்கள். பத்திரிகைகளும் அடக்கி வாசித்தன. அந்த ஆண்டின் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் தற்கொலைகளும் முயற்சிகளும் சேர்ந்து 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. ஊரும் அதே, ரயிலும் அதே.

ஆஸ்திரியாவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சாக நினைத்து, பிறகு மீண்டு வந்தவர்களின் கதை வெளியானால் தற்கொலைகள் குறைவதோடு அது பொருந்திப்போனது. இதற்கு 'பாப்பகேனோ விளைவு' என்று பெயர். மோட்சார்ட்டின் இசைநாடகத்தில் சாகப்போய், கடைசி நொடியில் மனம் மாறும் பறவைபிடிப்பவன்தான் பாப்பகேனோ.

ஆகவே நான் பக்கத்தின் தலைப்பைப் பார்ப்பதில்லை. இறந்த விதத்தைச் செய்முறைபோல விளக்குகிறதா, சாவுக்கு அலங்காரம் செய்கிறதா என்று பார்க்கிறேன். பிள்ளை அதே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது, தூக்கம் கெடுகிறது, 'நானும் போயிடலாம்' என்கிறது என்றால் விஷயமே வேறு. உடனே உட்கார்ந்து பேச வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

சரி, அந்த 27? பிரிட்டனில் 1956 முதல் 2007 வரை ஆல்பம் வரிசையில் முதலிடம் பிடித்த 1,046 இசைக்கலைஞர்களை 2011-ல் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 25, 27, 32 மூன்று வயதிலும் சாவு விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இறந்தது நிஜம். ஏமி வைன்ஹவுஸைக் கொன்றது அளவுமீறிய குடி. அந்தப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் மறுபடி போனைப் பார்த்தாள்.

"அப்போ 32 வயசுல செத்தவங்களுக்கு ஏன் யாரும் மெழுகுவத்தி ஏத்தல?"