அடிக்குறிப்பைத் திறந்து பார்ப்பவர்கள்

"யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் விக்கிப்பீடியாவை எப்படி நம்புவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அங்கே எழுதுபவரின் பட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. எழுதிய வாக்கியத்துக்கு என்ன ஆதாரம் என்றுதான் பார்க்கிறார்கள்.

வல்லுநர்களை வைத்து எழுதும் வழியையும் முதலில் முயன்றார்கள். ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000இல் தொடங்கிய நியூப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏழு கட்ட மதிப்பாய்வு இருந்தது. 2003இல் அதை மூடும்வரை அத்தனை கட்டங்களையும் தாண்டிய கட்டுரைகள் முப்பதுகூட இல்லை. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியாவில் முதலில் வெளியிடுவார்கள், அப்புறம் சரிபார்ப்பார்கள். விஷமத்தனமான திருத்தங்களில் பெரும்பகுதியை ஆங்கிலப் பதிப்பில் தானியங்கி நிரல்களும், 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் கண் வைத்திருக்கும் பயனர்களும் உடனுக்குடன் நீக்கிவிடுகிறார்கள்.

என்னை மிகவும் கவர்வது அதற்கு மேலே இருக்கும் அடுக்கு: மிகத் தரமான கட்டுரைகளைப் பொறுக்கி எடுக்கும் சிறப்புக் கட்டுரைத் தேர்வு. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ ஆயிரம் கட்டுரைகளில் ஒன்றுதான் இந்தத் தகுதியைப் பெறுகிறது. கட்டுரையை ஒருவர் முன்மொழிந்ததும் மற்றவர்கள் வரிவரியாகப் படித்துக் குறை சொல்வார்கள். இங்கே தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை. பத்துப் பேர் ஆதரித்தாலும், காரணத்தோடு ஒருவர் எழுப்பிய ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதில் ஒரு வேலை, சில அடிக்குறிப்புகளைப் பொறுக்கி எடுத்து மூலத்தோடு ஒப்பிடுவது. மஞ்சளைப் பற்றிய கட்டுரையில் "மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று ஒரு வரி, அதற்கு ஓர் ஆய்விதழ் மேற்கோள் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் வலுவான ஆதாரம்தான். மதிப்பாய்வாளர் அந்த ஆய்வைத் திறக்கிறார். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபோது ஆய்வகத் தட்டில் இருந்த புற்றுச் செல்கள் மெதுவாக வளர்ந்தன என்று மட்டுமே அதில் இருக்கிறது. அந்தச் சோதனையில் மனிதர் யாரும் இல்லை, குணமானார்கள் என்ற பேச்சும் இல்லை. வரி தூக்கப்படும். இன்னொன்றும் உண்டு: மருத்துவத் தகவலுக்குத் தனியொரு ஆய்வு பொதுவாகப் போதாது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட மீளாய்வுக் கட்டுரையோ, மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதலோ வேண்டும். நம் வாட்ஸப் குழுக்களில் சுற்றும் வைத்தியக் குறிப்புகளில் எத்தனை இந்த ஒரு சோதனையைத் தாங்கும்?

ஆனால் மூலத்தைத் திறக்க முடிந்தால்தானே ஒப்பிட முடியும்! பல ஆய்விதழ்கள் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கின்றன. அனுபவமுள்ள பயனர்களுக்கு, கட்டண இதழ்களை இலவசமாகப் படிக்கத் தரும் விக்கிப்பீடியா நூலகம் என்ற ஏற்பாடு ஓரளவு கைகொடுக்கிறது. ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்ட நம் அரசு கொண்டுவந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களுக்குத்தான். வீட்டிலிருந்து சரிபார்க்கும் தன்னார்வலருக்கு அதில் வழியில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வை மக்களே காசு கொடுத்துப் படிக்க வேண்டியிருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அடிக்குறிப்பும் ஏமாற்றலாம். 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என விளையாட்டாகச் சேர்த்தார். அதை நம்பிப் பத்திரிகைகள் எழுதின. பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியா வரிக்கு ஆதாரமாக வந்து உட்கார்ந்தது.

இந்தச் சுழலைக் கண்டுபிடிக்க 'வரலாறு' பக்கம் உதவுகிறது. ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடும் பயனர் பெயரோடும் அங்கே பதிவாகிறது. சந்தேகமான வரி முதன்முதலில் எந்தத் தேதியில் நுழைந்தது என்று பார்க்கலாம். அதற்குக் காட்டியிருக்கும் செய்தி அந்தத் தேதிக்குப் பிறகு வெளிவந்ததாக இருந்தால் அதை அப்படியே ஏற்கக் கூடாது. அதற்கு முந்தைய, தனித்து நிற்கும் ஆதாரம் ஒன்றைத் தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.