ஒரு வருட ஏரோஸ்பேஸ் எம்.எஸ்சி.: அரசு உதவித்தொகை கைநழுவும் இடங்கள்

ஒரு மாணவி தன் ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். ஏரோநாட்டிகல் பி.இ., நல்ல மதிப்பெண், பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்சி.க்கு ஆஃபர் லெட்டர், அப்பாவுக்குக் கட்டட வேலை. உதவித்தொகைக்குத் தகுதி எல்லாம் இருந்தது. ஆனால் ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'ஏடாஸ் (ATAS என்ற பிரிட்டன் அரசின் பாதுகாப்பு அனுமதி) கிடைத்தால் மட்டுமே.' அந்த ஒரு வரி அவருடைய ஒரு வருடத்தைத் தின்றது. முன்கூட்டியே சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

நான் சொல்வது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கானது. நாடு முழுக்க வருடத்துக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண் வேண்டும். முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் மட்டும்தான் பணம். பி.இ. நடுவில் ஒரு வருடம் வெளிநாட்டுக் கல்லூரியில் படித்துவிட்டு வருகிற எக்ஸ்சேஞ்ச் திட்டங்களுக்கு இதில் இடமில்லை. கல்லூரியில் யாராவது 'கிடைக்கும்' என்றால் நம்ப வேண்டாம்.

முதலில் அந்த ஏடாஸ். ஏவுகணைத் தொழில்நுட்பம் போன்றவை தவறான கைக்குப் போகக் கூடாது என்று பிரிட்டன் அரசு சில பாடங்களுக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு அனுமதி இது. ஏரோஸ்பேஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இந்தியர்களுக்கு விலக்கு இல்லை. கட்டணம் கிடையாது, ஆனால் 30 வேலை நாளாவது ஆகும். உதவித்தொகையோ நிபந்தனையற்ற ஆஃபர் கேட்கிறது. ஏடாஸ் வராமல் சில பல்கலைக்கழகங்கள் நிபந்தனையை நீக்குவதில்லை. ஏடாஸ் படிவத்திலோ படிப்புக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று கேட்கிறார்கள். இப்படி ஒன்று இன்னொன்றுக்காகக் காத்து நிற்கும். அதனால் ஆஃபர் வந்த அன்றே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்: கல்வி நிபந்தனைகள் முடிந்துவிட்டன என்றும், ஏடாஸ் விசாவுக்கான தேவை மட்டுமே என்றும் எழுத்தில் தர முடியுமா என்று கேளுங்கள். ஏடாஸுக்கும் அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தச் சான்றிதழ் வந்த 6 மாதத்துக்குள் விசாவுக்குப் போட்டுவிட வேண்டும்.

கடைசி செமஸ்டரில் இருப்பவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் ஒட்டிக்கொள்ளும்: 'இறுதி மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு.' பட்டியல் கைக்கு வருவதற்குள் உதவித்தொகையின் கடைசித் தேதி போய்விடும். அவசரப்படாமல், சான்றிதழ்கள் கையில் வந்தபின் அடுத்த சுற்றில் போடுவதே நல்லது.

இந்தத் துறைக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. பல்கலைக்கழகம் க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. விமானத் துறையில் பெயர்பெற்ற கிரான்ஃபீல்டு முதுகலை மட்டுமே நடத்துவதால் அந்த ஒட்டுமொத்தப் பட்டியலிலேயே வராது. பாடவாரிப் பட்டியலில் முன்னணியில் இருக்கும். 'உலகின் தலைசிறந்த' என்று ஏஜென்ட் காட்டுவது பெரும்பாலும் பாடவாரிப் பட்டியலைத்தான். ஒட்டுமொத்தப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள்.

அப்புறம் தாலுகா அலுவலகம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்று சான்றிதழ் வேண்டும். இ-சேவையில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஆகாது. விஏஓவைக் கேட்டால் ஆர்ஐயிடம் போய்விட்டது என்பார், ஆர்ஐ தாசில்தாரைக் கைகாட்டுவார். ஒரு கையெழுத்துக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு எண்ணோடு நேரில் போங்கள், விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பி.இ. முடித்து வேலைக்குப் போயிருந்தால் உங்கள் சம்பளமும் கணக்கில் சேரும். அதை மறைத்தால் பிறகு பெரிய சிக்கல்.

பெயரும் காலை வாரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு' என்ற ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், ஆஃபர் லெட்டரில் அதுவே குடும்பப் பெயராக முன்னால் வந்து நிற்கும். நமக்கு இது சாதாரணம். டெல்லியில் ஃபைலைப் பார்ப்பவருக்கு மூன்று வேறு ஆட்கள். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று முதலிலேயே எடுத்து வையுங்கள்.

பண விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கல்விக் கட்டணம், விமானச் செலவு, விசா எல்லாம் தருகிறார்கள். பிரிட்டனில் வாழ்க்கைச் செலவுக்கு வருடம் 9,900 பவுண்டு, அதாவது மாதம் 825. பிரிட்டன் விசா விதியே லண்டனுக்கு வெளியில் மாதம் 1,100 பவுண்டுக்கு மேல் காட்டச் சொல்கிறது. அதனால் அமைச்சகத்தின் கடிதத்தில் 'கட்டணமும் வாழ்க்கைச் செலவும் முழுவதும் அரசு ஏற்கிறது' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மீதியை உங்கள் வங்கிக் கணக்கில் காட்டச் சொல்லலாம். படிக்கும் ஊரை லண்டனுக்கு வெளியில் தேர்ந்தெடுங்கள்.

தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தாலே பணம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2025-ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் உதவித்தொகைக்கான தற்காலிகக் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வேலையை விட்டு, சாமான் கட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குச் சொல்கிற பதிலா அது?

கடிதம் கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் இடத்தை உறுதிசெய்யக் கட்டும் டெபாசிட்டுக்காக வட்டிக்கும் வாங்காதீர்கள். அரசு உதவித்தொகையில் வருபவர்களுக்கு டெபாசிட் வேண்டாம் என்று சொல்லும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். பணம் தாமதமானால் சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பார்களா, அதற்குக் கடைசித் தேதி எது என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.