சமர்த் இடைக்காலப் பராமரிப்பு: எங்கே மடக்குகிறார்கள், என்ன கேட்க வேண்டும்

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைத் தற்காலிகமாக இல்லத்தில் தங்கவைத்துப் பராமரிக்கும் சமர்த் திட்டத்தில் இடம் கேட்டுப் போனால், "பெற்றோர் இருக்கும்போது பிள்ளையை ஏன் இல்லத்தில் விடுகிறீர்கள்?" என்று அலுவலர் கேட்கும் கேள்வியிலேயே பல தாய்மார்கள் கண் கலங்கித் திரும்பிவிடுகிறார்கள். வளர்ந்த மகனை இரவில் புரட்டிப் படுக்கவைக்க வேறு ஆள் இல்லாததால், தங்களுக்குச் சொல்லப்பட்ட கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இப்படிக் கேட்க எந்த அலுவலருக்கும் உரிமை இல்லை. குடும்பம் நெருக்கடியில் இருக்கும் காலத்தில் தேவையான சேவைகள் கிடைக்கப் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு உதவுவது, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலேயே நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த அறக்கட்டளையின் சமர்த் திட்டம் அதற்காகத்தான் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழும் குறைந்த வருமானத்திலும் உள்ள குடும்பங்களை அது குறிப்பாகச் சொல்வதால், வருமானச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

அதிகம் பேர் சிக்குவது மருத்துவச் சான்றிதழில்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; அறக்கட்டளைச் சட்டமோ ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கை மட்டுமே ஏற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் மூளை முடக்குவாதம் கை, கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் வைக்கப்பட்டிருப்பதால், சான்றிதழில் அந்தப் பொதுப் பெயரை மட்டும் எழுதிவிட்டால், தகுதியுள்ள பிள்ளையையே "எங்கள் பட்டியலில் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே சான்றிதழ் வழங்கும் மருத்துவ முகாமிலேயே, மருத்துவர் கையெழுத்திடுவதற்கு முன், மூளை முடக்குவாதம் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்த பிறகு திருத்தம் கேட்டால் மறுபடியும் முகாம், மறுபடியும் வரிசை என்று அலைய வேண்டியிருக்கும்.

பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் அடுத்த தடை வருகிறது. அதுவரை வளர்த்தவர்களிடமே சட்டப்படியான பாதுகாவலர் ஆணையைக் கேட்பார்கள். அதை வழங்குவது மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர் அளவிலான குழு. அந்தக் குழு எப்போது கூடும் என்று கேட்டால், கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மேசை இன்னொரு மேசையைக் கைகாட்டும். அதனால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்வரை காத்திருக்காமல், 18 முடிந்தவுடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தில் "தற்காலிகத் தங்கல்" என்றும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்றும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி இல்லாத படிவத்தைக் காட்டி, பிள்ளையை நிரந்தரமாக விட்டுவிட்டதாகப் பின்னால் சொல்ல முடியும். இல்லத்துக்குத் தேசிய அறக்கட்டளையின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

"இடமில்லை", "நிதி வரவில்லை" என்று வாயால் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அலுவலரை நேரில் அழைக்கவும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதத்துடன் இணைக்க ஒப்புகைச் சீட்டு அவசியம் வேண்டும்.