டெஸ்ட் மெயில்: மெய்ப்பா, வெள்ளோட்டமா?

விடுதிகளுக்கும் துணிக்கடைகளுக்கும் விளம்பர மின்மடல் செய்து தரும் புதுச்சேரி அலுவலகங்களில் "டெஸ்ட் போட்டாச்சா?" என்ற கேள்வி ஓயாமல் காதில் விழும். கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதில்தான் குழப்பம். எழுத்துப்பிழை பார்த்தாச்சா? செல்போனில் திறந்து பார்த்தாச்சா? இரண்டு தலைப்பில் எது எடுபடுகிறது என்று பார்த்தாச்சா? மூன்று வேலைக்கும் ஒரே சொல். தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன.

முதலில் 'டெஸ்ட்'. இலத்தீனில் மண்கலத்தைக் குறித்த சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அது பொன், வெள்ளியை உருக்கி மாசு பிரிக்கும் சிறு கலத்தின் பெயர். கலத்தின் பெயர் பிறகு அந்தச் செயலுக்கு ஆகிவந்தது. நம் 'சோதனை'யும் வடமொழியில் தூய்மைப்படுத்துவதைக் குறித்த சொல்தான். ஆனால் இன்று சோதனை என்றால் வருமானவரிக்காரர் வருவதும் சோதனை, கடவுள் கொடுப்பதும் சோதனை. விளம்பர மடலுக்கு அது கொஞ்சம் கனமான சொல்.

வலைப்பின்னல் வழி போன முதல் மின்னஞ்சலே ஒரு டெஸ்ட் மெயில்தான். 1971இல் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கிடையே தனக்குத் தானே அனுப்பிப் பார்த்தார். என்ன எழுதினோம் என்பதே நினைவில்லை என்று பின்னாளில் சொன்னார். 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் கேரி துர்க் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பியபோது, பெறுநர் கட்டத்தில் இடம் போதாமல் மீதி முகவரிகள் மடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. அந்த முகவரிக்காரர்களுக்கு மடல் போய்ச் சேரவில்லை.

சரி, மூன்று சொற்கள். வாசகம், விலை, தேதி, இணைப்பு இவற்றைச் சரிபார்ப்பது மெய்ப்பு பார்த்தல். அச்சகத்தில் புரூஃப் என்போமே, அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் மின்னஞ்சலுக்கும் அச்சுக்கூடச் சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: 'போன் ஆ திரே', அதாவது அச்சிடலாம் என்ற ஒப்புதல். அதன் சுருக்கமான BAT என்ற பெயரால்தான் அங்கே டெஸ்ட் மடலைக் கேட்பார்கள். பிரெஞ்சு வாடிக்கையாளரோடு வேலை செய்யும் பாண்டிக்காரர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வெள்ளோட்டம். எனக்குப் பிடித்த சொல்லும் இதுதான். புதுத் தேரையோ பழுது பார்த்த தேரையோ சாமியை ஏற்றாமல் வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்கு அந்தப் பெயர். கவர்னரே வடம் பிடிக்கும் வில்லியனூர்த் தேர் ஆனாலும், திருப்பாதிரிப்புலியூர்த் தேர் ஆனாலும், திருப்பணி முடிந்தால் வெள்ளோட்டம் பார்க்காமல் திருவிழாவுக்கு விடமாட்டார்கள். சக்கரம் உருளுகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா, முனை திரும்புகிறதா என்பதெல்லாம் நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியாது, ஓட வேண்டும்.

மடலும் அப்படியே. கணினித் திரையில் அழகாக இருந்த மடல், விண்டோஸ் அவுட்லுக்கின் பழைய பதிப்பில் திறந்தால் குலைந்து கிடக்கும். 2007 முதல் அது மடலைக் காட்ட ஆவணம் எழுதும் வேர்ட் மென்பொருளின் இயந்திரத்தைப் பயன்படுத்தியதே காரணம். ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டிய மடலை அடியில் வெட்டிவிடும். இதில் தமிழுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. யூனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் 'புதுச்சேரி' 30 பைட். ஆங்கில எழுத்தில் எழுதினால் 10தான். நீளமான தமிழ் மடல் சீக்கிரமே வெட்டுப்படும், வெட்டில் முதலில் போவது கடைசியில் இருக்கும் 'விலகிக்கொள்ள' இணைப்பு.

அப்புறம் பெயர்க் கட்டம். மேலை நாட்டு மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம் ஆள் முதல் கட்டத்தில் இனிஷியலைப் போடுவார். மடல் "அன்புள்ள கு," என்று போய் நிற்கும். அதுவே காலியாக இருந்தால் "அன்புள்ள ," தான். மாதிரிப் பெயரை வைத்து உங்களுக்கே அனுப்பிக்கொண்டால் இது கண்ணில் படவே படாது. பட்டியலில் உள்ளதைப் போன்ற கோணல்மாணல் பெயர்களை அலுவலக முகவரிகளில் ஏற்றி ஓட்டினால்தான் அது வெள்ளோட்டம்.

மூன்றாவது, ஏ/பி டெஸ்ட். ஒப்பீட்டுச் சோதனை என்றால் போதும். 'அ/ஆ சோதனை' என்று எழுதினாலும் புரியும். பட்டியலில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு தலைப்பு, மீதிப் பேருக்கு வேறொரு தலைப்பு அனுப்பி, எடுபட்டதை மற்றவர்களுக்கு அனுப்புவது. மற்ற இரண்டும் அனுப்புமுன் முடிகிற வேலை. இது வாடிக்கையாளரிடமே நடப்பது. இருநூறு முகவரி வைத்திருக்கும் சின்ன விடுதிக்கு இது வீண்வேலை. பத்துப் பேர் கூடுதலாகத் திறந்தார்கள் என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.