பிட்டர் எண்ட்: கசப்பில்லாத முடிவு

“கசப்பான முடிவுவரை போராடுவோம்.” ஒரு போர்ப்படத்தின் தமிழ் சப்டைட்டிலில் இந்த வரியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. படைத்தலைவன் வாயிலிருந்து வந்த சொல் ‘டு த பிட்டர் எண்ட்’. பிட்டர் என்றால் கசப்பு, எண்ட் என்றால் முடிவு. தனித்தனியே பார்த்தால் பிழையில்லை. ஆனால் தமிழில் கசப்பான முடிவு என்றால் தோல்வி, மனத்தாங்கல், உறவு முறிவு. தோற்கும்வரை போராடுவோம் என்று அந்த வீரனைச் சொல்லவைத்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர்.

எவ்வளவு துன்பம் வந்தாலும், விளைவு எதுவானாலும், நடுவில் விடாமல் கடைசிவரை நிற்பதுதான் அந்தத் தொடரின் பொருள். அது பிறந்த இடம் கப்பல் தளம் என்று தோன்றுகிறது.

பாய்மரக் கப்பலின் முன்பகுதியில், தளத்தோடு சேர்த்து இறுக்கிய இரண்டு பருத்த மரத்தூண்கள் நிற்கும். ஆங்கில மாலுமிகள் அவற்றை ‘பிட்ஸ்’ என்றார்கள். நம் கட்டுத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் பதில் இங்கே கட்டுண்டிருப்பது கப்பல். நங்கூரத்தைக் கடலில் இறக்கும்போது வடத்தைச் சும்மா விட்டால் பாரத்தில் உருவிக்கொண்டு ஓடிவிடும். அதனால் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிடுவார்கள். அந்தச் சுற்றுக்குப் பெயர் ‘பிட்டர்’. தூணுக்கு இந்தப் பக்கம், கப்பலுக்குள்ளேயே கிடக்கும் வடத்தின் மிச்சப் பகுதி ‘பிட்டர்ஸ் எண்ட்’. வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை நடத்திய கேப்டன் ஜான் ஸ்மித், 1627இல் வெளியிட்ட கடற்கலை நூலில் இரண்டுக்கும் இப்படித்தான் விளக்கம் தருகிறார்.

ஆழம் கூடினாலோ காற்று வலுத்தாலோ வடத்தை இன்னும் நீளமாக விடவேண்டும். நீளம் கூடக்கூட இழுப்பு படுக்கைவாட்டில் விழும். நங்கூரத்தின் கொம்பு தரையை நன்றாகக் கவ்வும். விட்டுக்கொண்டே வந்து உள்முனை தூணருகே வந்துவிட்டால், இனி விடுவதற்குக் கயிறு இல்லை. கப்பல் தாங்குவதும் தாங்காததும் அந்த முனையில்தான். 1867இல் வெளிவந்த மாலுமிச் சொல்லகராதியும் இதையே சொல்கிறது: பிட்டர் எண்ட் வரை விட்டாயிற்று என்றால் மேற்கொண்டு விட ஒன்றுமில்லை. (அதைத் தொகுத்த அட்மிரல் வில்லியம் ஹென்றி ஸ்மித் வேறொருவர், இரு ஸ்மித்துகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அப்படியானால் கசப்புச் சுவைக்குப் பங்கே இல்லையா? அடித்துச் சொல்ல முடியாது. 1611இன் ஆங்கில விவிலியத்தில், நீதிமொழிகள் 5ஆம் அதிகாரத்தில், ஒருத்தியின் முடிவு கசப்பானது என்று ஒரு வசனம் உண்டு. தமிழ் விவிலியம் அதை ‘எட்டியைப்போலக் கசப்பு’ என்கிறது. எட்டிக்காயை அறிந்த நமக்கு நாக்கே சுருங்கும். உருவகப் பொருளில் இத்தொடர் பரவியது 19ஆம் நூற்றாண்டில். மாலுமியின் கயிற்றுமுனையும் வேதத்தின் கசப்பும் அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். எனக்குக் கயிறுதான் முதல் என்று படுகிறது. வெறும் கசப்பிலிருந்து ‘விடாமல் நிற்பது’ என்ற பொருள் எளிதில் வராது.

தமிழில் என்ன சொல்வது? பேச்சிலும் செய்தியிலும் ‘கடைசிவரை’ போதும். ‘கடைசிவரை போராடினார்கள்’ என்றாலே விடாப்பிடி வந்துவிடும். ‘இறுதிவரை’ மேடைக்கும் அறிக்கைக்கும் பொருந்தும். உரைநடையில் கொஞ்சம் இறுக்கம் வேண்டுமென்றால் ‘கடைபோக’ என்ற பழைய சொல் இருக்கிறது. கடை என்றாலே நமக்கு முனை, எல்லை. கயிற்றின் கடையும் அதில் அடங்கிவிடும். இந்தச் சொல்லை நாம் கைவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

துன்பத்தைச் சகித்தபடி நிற்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டிய இடத்தில் நாக்கைத் தேடாமல் பல்லைத் தேடுங்கள். பிடிக்காத வேலையில் ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருந்தவரைப் பற்றி ஆங்கிலத்தில் இத்தொடர் வந்தால், ‘பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்’ என்று எழுதலாம். அந்தப் படைத்தலைவனுக்கு: “என்ன ஆனாலும் சரி, கடைசிவரை நிற்போம்.”