டிடியில் கிரிக்கெட்: கேபிளில் வராது, ஃப்ரீ டிஷ்ஷில் வரும்

இந்திய அணி ஆடும் ஒருநாள் போட்டி டிடி ஸ்போர்ட்ஸில் நேரலை என்று அறிவிப்பு வரும். கேபிளில் அதே சேனலைப் போட்டால் வேறேதோ நிகழ்ச்சி ஓடும். கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை, சட்டம் அப்படி.

தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று மத்திய அரசு அறிவித்த போட்டிகளின் நேரலையை, உரிமை வாங்கிய தனியார் சேனல் தன் விளம்பரங்கள் இல்லாமல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குத் தர வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். தூர்தர்ஷன் ஒளிபரப்பில் கிடைக்கும் விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமை வாங்கியவருக்கே போகும். இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களும் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியும் பட்டியலில் உண்டு, ஐ.பி.எல். இல்லை.

அப்படிப் பெற்ற நேரலையைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச்சிலும் (செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்கு வரும் சேவை) மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள் வழியாகக் கொடுக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், டிவியில் இலவசமாகப் பார்க்க மிஞ்சியிருப்பது தூர்தர்ஷனின் அந்த டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்தான்.

இதற்கு விண்ணப்பமோ மாதச் சந்தாவோ கிடையாது. டிஷ், பாக்ஸ் வாங்கும் செலவு ஒருமுறைதான். ‘ரீசார்ஜ்’ என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று. ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: இதில் வரும் தனியார் சேனல்களில் இந்திதான் அதிகம். தமிழ்க் கட்டணச் சேனல்களுக்காக வைத்திருக்கும் பழைய இணைப்பைத் துண்டிக்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்யவும்.

செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகையில். சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் டிஷ்ஷை இன்னும் கிழக்கே திருப்ப வேண்டும். வேறு நிறுவனத்தின் பழைய டிஷ்ஷையும் பயன்படுத்தலாம், ஆனால் திசை மாற்றாமல் சிக்னல் வராது. டாடா பிளே டிஷ் 83 பாகையைப் பார்த்து நிற்பது.

பாக்ஸில் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னே சிக்னலைப் பிடிக்கும் கருவி) அலைவரிசையை 9750/10600 என்று வைத்து, அலைவரிசை 11090, துருவமுனைப்பு (போலரைசேஷன்) செங்குத்து, சிம்பல் ரேட் 29500 கொடுத்துத் தேடவும். எல்.என்.பி.யை ‘9750 மட்டும்’ என்று வைத்திருந்தால் பாக்ஸ் எல்.என்.பி.க்கு அனுப்பும் 22 கிலோஹெர்ட்ஸ் சைகை அணைந்திருக்க வேண்டும். அது ஓடினால் எல்.என்.பி. மேல் அலைவரிசைக்குத் தாவிவிடும், சிக்னல் பூஜ்யம். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எம்பெக்-2 பழையது, எம்பெக்-4 புதியது; பழைய எம்பெக்-2 பாக்ஸில் எம்பெக்-4 சேனல்கள் வராது. சேனலுக்கான இடங்கள் ஏலத்தில் போவதால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று வந்த சேனல் இன்று காணவில்லை என்றால், டிஷ்ஷைத் தொடுமுன் மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள்.